மோரிஸ்ஸி: பாட்டு யாருக்குச் சொந்தம்?

மோரிஸ்ஸியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. 'ஆளு கெட்டுப்போயிட்டான், பழைய பாட்டு போதும்' என்பது ஒன்று. 'கலை வேறு, கலைஞன் வேறு, விடுங்கப்பா' என்பது மற்றது. இரண்டுமே பிரதியை வாசிக்காமல் தப்பிக்கிற வழிகள்தான்.

1959இல் பிறந்த மோரிஸ்ஸி, டப்ளினிலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கப் பெற்றோரின் மகன், வளர்ந்தது மான்செஸ்டரில். 1982இல் கிட்டார் கலைஞர் ஜானி மாருடன் சேர்ந்து தொடங்கிய 'ஸ்மித்ஸ்' குழு 1987இல் உடைந்தது. அதற்குள் நான்கு ஆல்பங்கள். தாட்சரின் ஆட்சி, ஆலைகள் மூடிக் கிடந்த காலம். ராக் பாடகனின் ஆண்மை முறுக்கை உதறிவிட்டு, பின்பாக்கெட்டில் பூங்கொத்தைச் செருகிக்கொண்டு தனிமையையும் கூச்சத்தையும் பாடிய குரல் அது. ஆண்/பெண் என்ற எதிர்வுக்குள் அடங்காத ஒரு தன்னிலை. இறைச்சியைக் கொலை என்ற ஆல்பம் 1985இல். அரசி செத்துவிட்டாள் என்ற ஆல்பம் அடுத்த ஆண்டில். இடதுசாரி இளைஞர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தச் சோகம் எதை இழந்த சோகம்? இசைத்தட்டு உறைகளில் அறுபதுகளின் சினிமா முகங்கள். பாட்டுக்குள் பழைய தொழிலாளர் தெருக்கள். தொலைந்துபோன ஓர் இங்கிலாந்துக்கான ஒப்பாரி இது. அதே தெருக்களுக்கு ஜமைக்காவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் உழைக்க வந்தவர்கள் இந்த ஒப்பாரிக்குள் கிட்டத்தட்ட இல்லை. 1988இல் வந்த முதல் தனி ஆல்பத்தில் ஒரு வங்காளி வருகிறான். இது உனக்கான இடமல்ல என்ற 'பரிவான' புத்திமதியைக் கேட்டுக்கொள்வதற்காக. ஆக, பிற்காலத்து மோரிஸ்ஸி திடீரென முளைத்தவரல்ல. அழகும் விஷமும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

1992 ஆகஸ்டில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் மேடையில், ஸ்கின்ஹெட் பெண்களின் படம் போட்ட பின்திரைக்கு முன்னால், யூனியன் ஜாக் கொடியோடு ஆடினார். நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சியைத் தலைப்பிலேயே கொண்ட பாட்டும் அதே ஆண்டுதான். அது கேலியா, பரிவா? இரண்டாகவும் வாசிக்கலாம் என்றார்கள். பிரதியின் பன்முகத்தன்மை நமக்கும் பிடித்த விஷயம்தான். ஆனால் தெருவில் அடிவாங்குகிறவனுக்கு இந்தப் பன்முகம் என்ன வேலைக்காகும்?

மறுபக்கமும் உண்டு. 2008இல் நிறவெறிக்கு எதிரான இசை விழாவுக்குப் பணம் கொடுத்தார். குடியேற்றம் பற்றிய அவருடைய 2007 பேட்டியை வெளியிட்ட என்.எம்.இ. இதழ், வழக்குக்குப் பின் 2012இல் மன்னிப்புக் கேட்டது. தான் நிறவெறியர் அல்ல என்றே சொல்லிவந்திருக்கிறார். ஆனால் விலங்குகளுக்கு இரங்கிய அதே வாய்தான் 2010இல் சீனர்களை மனித இனத்துக்குக் கீழானவர்கள் என்றது. 2019இல் 'ஃபார் பிரிட்டன்' என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடினார். இதில் இருபொருள் ஏதுமில்லை.

இனி வாசகர் பக்கம் வருவோம். 1992இல் ஜிந்தர் சிங்கின் 'கார்னர்ஷாப்' குழுவினர், இ.எம்.ஐ. நிறுவனத்தின் வாசலில் மோரிஸ்ஸி படத்தைக் கொளுத்தினார்கள். என் கணக்கில் அது ஒரு விமர்சனக் கட்டுரை. ஆஷா போன்ஸ்லேயைக் கொண்டாடும் அவர்களுடைய பாட்டு, நார்மன் குக்கின் மறுகலவையில் 1998 பிப்ரவரியில் பிரிட்டனின் முதலிடத்துக்கு வந்தது. இடமில்லை என்று சொல்லப்பட்டவன் இடத்தை எடுத்துக்கொண்டான். அந்தப் பக்கம் லாஸ் ஏஞ்சல்ஸில், மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள் மோரிஸ்ஸியைத் தங்கள் ஆளாக்கிக்கொண்டார்கள். கொடியைத் தூக்கியவர் மறைத்துவிட்ட குடியேறியின் மகனை அவர்கள் அந்தக் குரலிலேயே கண்டெடுத்தார்கள்.

கொளுத்தியவர்களும் சரி, கூடிப் பாடியவர்களும் சரி, அவரிடம் அனுமதி கேட்கவில்லை. பாட்டை மன்னிக்கவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். பாடியவரின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் பிடுங்குகிறவர்கள், அந்த 1988ஆம் ஆண்டு வங்காளியின் பக்கம் நின்றுகொண்டு பிடுங்க வேண்டும்.