செனரத் மன்னனும் நாம் மறந்த அரசியும்

எமது பிரதேசத்து ஊர் வரலாறுகளில் எதை விரித்தாலும் 1626 வந்துவிடும். போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களில் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். பாடசாலை மலரிலும் பள்ளிவாசல் மலரிலும் இதே இரண்டு வசனந்தான். அந்தச் செனரத் எப்படி அரசனானான் என்று எந்த மலரும் கேட்டதாக நான் வாசித்ததில்லை.

செனரத் முன்பு பௌத்த துறவி. 1604 இல் முதலாம் விமலதர்மசூரியன் இறந்தபின், அவனுடைய விதவையை மணந்தே அரியணையில் அமர்ந்தான். அவள் பெயர் குசுமாசன தேவி. போர்த்துக்கேயர் ஞானஸ்நானம் கொடுத்து தோனா கத்தரீனா என்றழைத்தனர். கண்டி மன்னன் கரலியத்தே பண்டாரவின் மகள். சீதாவக்கை இராஜசிங்கனுக்குத் தப்பி ஓடிய தந்தை, திருகோணமலைப் பக்கம் அம்மை நோயில் மடிந்தான். பிள்ளை போர்த்துக்கேயர் கையில் வளர்ந்தாள்.

1594 இல் அவளை அரசியாக்கவென்று பெத்ரோ லோபஸ் த சூசாவின் படை கண்டிக்குக் கொண்டுபோனது. தந்துறையில் அந்தப் படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்தான். அவன் போனபின் செனரத். அவளிடம் யாரும் விருப்பம் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் வாள் வைத்திருந்த இருவருக்கும் உரிமை அவளிடமிருந்தே கிடைத்தது. பின்னர் ஒல்லாந்தரோடு சேர்ந்து 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்த இரண்டாம் இராஜசிங்கன் அவள் பெற்ற பிள்ளை.

அவள் 1613 இல் இறந்துவிட்டாள். ஆகவே 1626 குடியேற்றத்தை அவள் கணக்கில் எழுத நான் வரவில்லை. அது இன்னொரு பிழையாகிவிடும். காணி கொடுக்கும் தகுதி செனரத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

நம்மவர் எழுத்தில் இன்னொரு குறையும் உண்டு. 4000 என்ற தொகையை எண்ணிச் சொன்னது யார் என்று குறிப்பிடுவதில்லை. அது கெய்ரோஸ் பாதிரியாரின் நூலில் வருவது. அவர் கோவாவிலிருந்து 1687 இல் எழுதி முடித்தவர். முஸ்லிம்களைப் பகைவராகக் கண்டவர். அவருடைய தொகையை எடுக்கலாம், எடுத்த இடத்தைச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். 1626 க்கு முன்னரே இந்தக் கரையில் நம்மவர் வாழ்ந்ததையும் அந்த ஒற்றை ஆண்டு மறைத்துவிடக் கூடாது.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இறக்காமத்தில் முன்பின் தெரியாத பொடியன் வாசலுக்கு வந்தால் மூத்தம்மாமார் கேட்பது, "ஆர்ர புள்ள மனே, என்ன குடி?" என்றுதான். குடி உம்மா வழியில் வருவது. பள்ளிவாசல் மரைக்காயரையும் குடிப்படியே தெரிந்த சமூகம் நாம். தாய்வழியை இவ்வளவு கவனமாக எண்ணும் நாமே வரலாறு எழுத உட்கார்ந்ததும் அரசனை மட்டும் எழுதி, அவனை அரசனாக்கிய பெண்ணை விட்டுவிடுகிறோம். நம்முடைய மூத்தம்மாமாரின் பெயர்களும் இப்படித்தானே மலர்களில் இல்லாமல் போயின?

அடுத்த மலரைத் தொகுப்பவர்கள் அந்த இரண்டு வசனத்தோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கட்டும். குசுமாசன தேவியின் பெயர் அதில் இருக்கட்டும்.