'கொங்கிறீற்றில் கிறிஸ்து': மரபும் வேலைத்தளமும்

குடிபெயர்ந்தோரின் பழைய வழக்கங்களை ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பொருள்களாகக் கருதும் போக்கு ஆய்வாளரிடையே உண்டு. எஞ்சியவை எவை, தேய்ந்தவை எவை எனக் கணக்கெடுப்பதோடு அவர்தம் பணி முடிந்துவிடுகிறது. 1880க்கும் 1920க்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்ற ஏறத்தாழ நாற்பது இலட்சம் இத்தாலியரைப் பற்றிய எழுத்துக்களிலும் இப்போக்கினைக் காணலாம். வழக்கம் ஏன் எஞ்சியது என்னும் வினாவை எழுப்புவோர்க்கு, பியற்றோ டி டொனாற்றோ 1939இல் வெளியிட்ட 'கொங்கிறீற்றில் கிறிஸ்து' என்ற நாவல் இன்றும் பயன்படும்.

ஆசிரியர் மேசன் தொழிலாளி. பெற்றோர் அப்ரூற்சோப் பகுதியிலுள்ள வாஸ்ற்றோவிலிருந்து வந்தவர்கள். 1923ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியன்று கட்டடம் இடிந்து தந்தை இறந்தபோது அவருக்கு வயது பதினொன்று. நாவலிலும் தந்தை ஜெறேமியோ பெரிய வெள்ளியன்றே கொங்கிறீற்றில் புதையுண்டு மடிகிறான். மூத்த மகன் போல் தந்தையின் மேசன் கரண்டியைக் கையிலெடுக்கிறான். ஆனால் அதற்கு முன் அவன் தட்டும் கதவுகளை நாம் மனங்கொள்ளவேண்டும். உதவி கேட்டுச் சென்ற சிறுவனுக்குக் குருமனையிற் கிடைப்பது ஒரு துண்டுக் கேக். நட்டஈட்டு விசாரணையிலும் குடும்பத்துக்கு நீதி கிட்டவில்லை. அவனுக்குத் தொழில் பழக்குபவன் ஞானத்தந்தையான நாசோனே. ஞானஸ்நானத்தால் உண்டாகும் இவ்வுறவு தென் இத்தாலியக் கிராமத்து வழக்கம். காப்புறுதி இல்லாத வேலைத்தளத்தில் அதுவே காப்புறுதியாயிற்று. அது நிலைத்தமைக்குக் காரணம் ஊர்ப்பற்று மட்டுமன்று, கூலியுழைப்பின் நிலையாமையுமாகும்.

வந்து இறங்கியபோது இவர்களுட் பலர் தம்மை இத்தாலியர் என எண்ணியிருக்கவில்லை. சிசிலியர், அப்ரூற்சோவார், இன்ன ஊரார் என்பதே அவர்தம் அடையாளம். பரஸ்பர உதவிச் சங்கங்கள் பலவும் ஊர்வாரியாகவே அமைந்தன. நியூயோர்க்கின் கிழக்கு ஹார்லெமில், 115ஆம் வீதிக் கார்மேல் அன்னை ஆலயத்தில், அவர்கள் பல ஆண்டுகள் கீழ்த்தளத்திலேயே வழிபட நேர்ந்தது. அவ்வன்னையின் சுரூபத்தை வீதிவழியே சுமந்து சென்ற திருவிழாவை வெறும் பழமைபேணலாகக் கொள்வது அறியாமை.

உணவும் அவ்வாறே. தென் இத்தாலிய ஏழை விவசாயிக்கு இறைச்சி அரிய பொருள். ஞாயிறுதோறும் இறைச்சிக் குழம்பு என்ற 'பழைய வழக்கம்' பெரும்பாலும் அமெரிக்கக் கூலியால் இயன்றது. நாவலில் வரும் திருமண விருந்து பக்கம் பக்கமாக நீள்வது குறையெனக் கொள்ளப்படலாம். பசியறிந்த வீட்டின் விருந்து அப்படித்தான் நீளும் என்பது எம் கருத்து.

மொழியே இந்நாவலின் சிறந்த பேறு. பாத்திரங்களின் ஆங்கிலம் இத்தாலியத் தொடரமைப்பிலே வளைகிறது. 'வேலை' என்ற சொல் முன்னடைச் சொல்லின்றி, ஓர் ஆளின் பெயர்போல, உயிர்விழுங்கும் தெய்வத்தின் பெயர்போல வருகிறது. (முன்னடைச் சொல் இல்லாத தமிழில் இவ்வுத்தி மறைந்துபோகும், மொழிபெயர்க்க முனைவோர் வேறு வழி தேடவேண்டும்.)

எனினும் மரபு கேட்ட விலையை ஆசிரியர் முழுமையாக நோக்கவில்லை. தாய் அனுன்சியாற்றா துன்பத்தின் திருவுருவாக உயர்த்தப்படுகிறாள். வீட்டுப் பெண்பிள்ளைகள் மீதான கட்டுப்பாடு பேசப்படுவதில்லை. இறந்த கணவனோடு பேச ஆவியழைப்பவளிடம் தாயும் மகனும் செல்லும் பகுதியில் ஆறுதலும் ஏமாற்றும் ஒன்றாய்ப் பின்னிக்கிடப்பதை மட்டும் அவர் நன்கு கண்டிருக்கிறார். 1912இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்து லோறன்ஸ் நகரில் இத்தாலிய நெசவாலைத் தொழிலாளர் பிற இனத்தவரோடு இணைந்து வேலைநிறுத்தஞ் செய்து கூலியுயர்வு பெற்றனர். ஊர்க்கட்டு வர்க்க ஒற்றுமையாக விரிந்த அத்தகைய அனுபவத்துக்கு இந்நாவலில் உரிய இடமில்லை. போலின் கலகம் தனிமனிதக் கலகம். தாய் நீட்டும் சிலுவையை அவன் கையால் நொறுக்குகிறான். மறுநாளும் அவன் போகவேண்டியது வேலைத்தளத்துக்கே. அங்கே அவனோடு யார் நிற்பர் என்பதை ஆசிரியர் கேட்கவில்லை.