பாடகர் பேராசிரியரானால்

புதுக்கோட்டை மாவட்டக் குடுமியான்மலையில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு பாடத்திட்டமே வெட்டப்பட்டிருக்கிறது. ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகள், நான்கு நான்கு எழுத்தாக, கிரந்தத்தில். உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் சீடர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அவன் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்தானா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்திலேயே இருக்கிறது. ச, சி, சு, செ என ஒரே சுரம் உயிர் மாறி வருகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளி. இவற்றை எப்படிப் பாடினார்கள் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை.

கச்சேரி பாடுகிறவரைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்த்துவது எதற்கு, படித்துப் பட்டம் வாங்கியவர் போதாதா என்று கேட்பவர்கள் இந்தப் பாறையைப் பார்த்துவிட்டு வரட்டும். சுரத்தை எழுதிவைக்கலாம், கமகத்தைத் தொண்டைதான் தர முடியும்.

இதை முதலில் உணர்ந்த இடங்களில் ஒன்று சிதம்பரம். 1929இல் அங்கே ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய இசைக்கல்லூரியில் சபேசையர், டைகர் வரதாச்சாரியார், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை ஆகியோர் கற்பித்தார்கள். பின்னாளில் எம்.எம். தண்டபாணி தேசிகர் இசைத்துறைத் தலைவரானார். தேவார மரபில் ஊறியவர், 1942இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தால் ஊரெல்லாம் அறிந்த குரல். அப்படிப்பட்டவர் வகுப்பில் உட்கார்ந்து பாடிக்காட்டினார் என்பது சாதாரணச் செய்தியல்ல. குருவின் வீட்டில் இடம் கிடைத்தவர்களுக்கே கிடைத்த வித்தை, விண்ணப்பம் போட்டவருக்கும் கிடைத்தது. அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ பிறந்த, வீட்டில் யாரும் பாடாத ஒரு பெண்ணுக்கு இன்றும் இதுவே வழி. இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய நன்மை இதுதான். குறைகளைப் பேசும்போதும் இதை மறக்கக் கூடாது.

குறை எங்கே என்றால், வகுப்பறையில். ஆண் குரலுக்கு ஒரு கட்டை ஒத்துவரும் என்றால் பெண் குரலுக்கு ஐந்து கட்டை வேண்டும். வகுப்பிலுள்ள எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே சுருதியில் வர்ணம் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு சாரார் தார ஸ்தாயியில் கத்துகிறார்கள், இன்னொரு சாராருக்கு மந்திரத்தில் குரலே எழுவதில்லை. எந்தக் குரல் மூக்கில் போகிறது, யார் தாடையை இறுக்குகிறார் என்பதெல்லாம் கூட்டத்தில் கேட்காது. கீர்த்தனைகளின் எண்ணிக்கை கூடுகிறது, குரல் வளர்வதில்லை. அகார சாதகத்துக்குக் கால அட்டவணையில் இடமே இருக்காது.

அடுத்த குறை ஆசிரியரைப் பற்றியது. செமஸ்டர் தேர்வும் டிசம்பர் சீசனும் நெருக்கியடித்து வருகின்றன. கச்சேரிக்குப் போனால் வகுப்பு கெடும். போகாவிட்டால் சபாக்கள் மறந்துவிடும். இரண்டில் எது பெரிய கேடு என்று கேட்டால், பாடுவதை நிறுத்திய ஆசிரியர்தான் என்பேன். இரண்டு வாரம் தவறிய பாடத்தை ஈடுகட்டலாம், மேடையில் சோதித்துப் பார்க்காத பாடாந்தரம் சில வருடங்களில் உலர்ந்துவிடும். பட்ட மேற்படிப்பும் நெட் தேர்வும் இல்லாவிட்டாலும், வானொலியின் 'ஏ' கிரேடு கலைஞரை ஆசிரியராக எடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி வழி வைத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் உள்ளே வந்தபின் ஆய்வுக்கட்டுரைக் கணக்குதான் முன்னால் நிற்கிறது. ஒரு மாணவியின் குரலைச் சரிசெய்த மூன்று வருட உழைப்பை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கிருந்து கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிற பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்: வாய்ப்பாட்டு மாணவர்களைச் சுருதிவாரியாகப் பிரியுங்கள். வாரத்தில் அரைமணி நேரமாவது ஒவ்வொருவரையும் தனியாகப் பாடவைத்துக் கேளுங்கள். ஆசிரியரின் கச்சேரி நாளை விடுப்பாக எழுதாமல் பணிநாளாக எழுதுங்கள்.