சிறையில் எழுந்த அரச வரலாறு

அரசவை வரலாற்று நூல்களை வெறும் புகழ்மாலை என ஒதுக்கிவிடுவது மாணவர்க்கு மட்டுமன்றி ஆசிரியர் சிலர்க்கும் எளிதாக இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் எழுந்த ‘கிதாபுத் தாஜி’ என்னும் அரபு நூலை எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு ஒதுக்கத் தயங்குவர்.

அதன் ஆசிரியர் அபூ இஸ்ஹாக் அஸ்ஸாபீ (925–994). அரசவைத் திருமுகங்கள் தீட்டுவதில் பெரும்புகழ் ஈட்டியவர். இஸ்லாத்தைத் தழுவாது தம் முன்னோரின் சாபியச் சமயத்திலேயே இறுதிவரை நின்றவர். முன்னர் வேறோர் அரசருக்காக அவர் வரைந்த மடல்கள் புவைஹித் மன்னர் அளுதுத் தௌலாவின் நெஞ்சில் தைத்திருந்தன. 978 அளவில் பக்தாதைத் தம் வயப்படுத்திய அம்மன்னர், அவரைச் சிறையிலிட்டார். விடுதலை வேண்டுமாயின் தம் குலவரலாற்றை எழுதித் தருக எனப் பணித்தார்.

அக்குலத்தார் காஸ்பியன் கடலின் தென்பால் மலைநாட்டுப் போர்வீரர். குலமுதல்வரான புவைஹ் மீன்பிடித்து வாழ்ந்தவர் என்றே வழங்கினர். ஷியாச் சார்பினராயினும், 945இல் பக்தாதைக் கைப்பற்றியபின் சுன்னிக் கலீபா பீடத்தை அவர்கள் ஒழிக்கவில்லை. கலீபாவிடமே பட்டங்கள் பெற்றனர். கொடுத்த கை பறிக்கவும் கூடுமன்றோ? பிறப்பையோ எவரும் பறித்தல் இயலாது. ஆகவே, ஐந்தாம் நூற்றாண்டுச் சாசானியப் பேரரசர் பஹ்ராம் கோரின் வழியினர் தாம் என்றனர். இவ்வேட்கை மன்னருக்குப் புதிதன்று. 955இலேயே பெர்சிபோலிஸ் இடிபாடுகளுக்குச் சென்று தம் பெயரைக் கல்லில் பொறிக்கச் செய்தவர் அவர்.

எழுதிக்கொண்டிருந்த அஸ்ஸாபீயிடம் நண்பர் ஒருவர் என்ன பணி என்று வினவ, பொய்களைப் புனைந்து கோத்துக்கொண்டிருப்பதாக விடையிறுத்தாராம். செய்தி மன்னரின் செவிக்கு எட்டிச் சினம் மூண்டதாம். அல்பிரூனியும் பின்னர் அக்குலவரிசையை ஐயுற்றார். எழுச்சிக்கு முன் எவரும் அறியாத மரபு அது என்பது அவர் வாதம்.

பொய் என்பதை ஒப்புவோம். ஆனால் ஏன் இந்தப் பொய்? நபிகளாரின் வழியினர் என்று ஏன் கூறிக்கொள்ளவில்லை? அவ்வழியினரின் பெயர்களைப் பதிவு செய்து காக்கத் தனித் தலைவர்கள் இருந்தனர். அங்குப் புனைவு எளிதில் அகப்பட்டிருக்கும். பாரசீக மன்னர் வழிக்கு அத்தகைய காவல் இல்லை. ஈரானியக் குடிகளிடமும் எழுத்தர்களிடமும் பழைய அரச நினைவு மங்காதிருந்தது. மன்னர் தேர்ந்த பொய்யிலேயே அவருடைய அரசியல் வெளிப்படுகிறது என்பது என் கருத்து. புகழுரை என்று நூலை மூடிவிடுவோர் இழப்பது இதனையே.

நூலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எஞ்சிய பகுதி யேமன் நாட்டில் கிடைத்தது. மலைநாட்டு மக்களையும் அங்கு ஆண்ட ஸைதி இமாம்களையும் அது பேசுகிறது. படியெடுத்துக் காத்த ஸைதியர் நாடியது தம் இமாம்களின் செய்தியையே போலும்.