ஆளுக்கொரு துணி

மதுரைப் புதுமண்டபத்தில் தையல் மிஷின்கள் வரிசைகட்டி ஓடியதைப் பார்த்தவர்களுக்குக் கணித மென்பொருளின் ஒரு நுட்பம் சட்டென்று பிடிபடும். மூன்று தையல்காரர்கள், மூன்று துணிகள். ஆளுக்கொன்றாகக் கொடுத்தால் வேலை முடிந்தது.

1988-இல் வெளிவந்த மேத்தமேட்டிகா என்ற அந்த மென்பொருளில் தையல்காரர் இடத்தில் சார்பு, துணி இடத்தில் எண். வர்க்கம், வர்க்கமூலம், இருமடங்கு என்று ஒரு பட்டியல். 3, 16, 5 என்று இன்னொன்று. முதல் பட்டியலில் உள்ளதை இரண்டாவதில் உள்ளதன் மேல் செலுத்தச் சொன்னால், ‘மேப்த்ரெட்’ என்ற கட்டளை ஜோடி ஜோடியாக எடுத்து 9, 4, 10 என்று தரும். ‘அவுட்டர்’ ஒவ்வொரு சார்பையும் ஒவ்வொரு எண்ணோடும் சேர்த்து ஒன்பது விடைகளை அடுக்கும். ‘த்ரூ’ 4 என்ற ஒற்றை எண்ணை மூன்று சார்புகளுக்கும் கொடுக்கும்: 16, 2, 8. ஒருவர் வெட்டிய துணியை அடுத்தவர் முதலிலிருந்து வெட்ட முடியாது. ஆனால் 4 எத்தனை கை மாறினாலும் 4தான்.

சார்பையும் எண்ணைப் போலவே பட்டியலில் போட்டு வைக்கலாம் என்பதுதான் இதன் அழகு. அந்தத் துணிச்சல், 1958-இல் ஜான் மெக்கார்த்தி வடிவமைக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியின் வழிவந்தது.

பலன் அன்றாடத்துக்கும் உண்டு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டின் ஒரு மாத மல்லிகை விலையை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் என்ற சார்புகளின் பட்டியலை ‘த்ரூ’ மூலம் அதன் மேல் செலுத்தினால், மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும். நாளைக்கு உச்ச விலையும் வேண்டுமென்றால், பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தால் போதும். மற்ற எதையும் தொட வேண்டாம்.