எழுதப்பட்டதும் எழுதப்படாததும்: பாக் இசையில் காலப்பிரமாணம்

யோகான் செபாஸ்தியான் பாக் 1741-இல் வெளியிட்ட 'கோல்ட்பர்க் மாறுபாடுகள்' என்னும் படைப்பை எவ்வளவு விரைவாக வாசித்தல் தகும்? இக்கேள்வி இசைவாணர்க்கு மட்டும் உரியதன்று. மறைந்துபோன ஆசிரியரின் எழுத்தைக் கையில் எடுக்கும் எவர்க்கும், சிறப்பாகத் திருமறையை விளக்கும் நமக்கும், அது உரியது.

கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட், இதனை ஒலிப்பதிவுக் கூடத்தில் 1955-இலும் 1981-இலும் வாசித்தார். முன்னது ஏறத்தாழ 38 நிமிடம். பின்னது 51 நிமிடம். இளமையின் வேகம், முதிர்ச்சியின் நிதானம் என்று கூறி அமைவோர் பலர். அத்தீர்ப்பு போதாது என்பது எமது கருத்து. முதற் பதிவில் மீள்வாசிப்புகளை அறவே விட்டவர், இரண்டாவதில் சிலவற்றைச் சேர்த்தமையும் நீளத்திற்கு ஒரு காரணமாகும். மேலும், 25-ஆம் மாறுபாடு பிந்திய பதிவில் சற்று விரைந்தே செல்கிறது. மாறுபாடுகள் அனைத்தையும் இணைக்கும் பொதுத் துடிப்பு ஒன்றையே கூல்ட் அப்போது நாடினார்.

பாக் வேகக் குறிப்புகளை அரிதாகவே எழுதினார். மெட்ரோனோம் 1815-இல்தான் காப்புரிமை பெற்றது. 1752-இல் நூல் எழுதிய குவான்ஸ் மனிதரின் நாடித்துடிப்பையே அளவாகக் கொண்டார். ஆகவே தாளக்குறி, நடன வகை, சுரங்களின் செறிவு ஆகியவற்றினின்றே வாசிப்பவர் வேகத்தை உணரவேண்டும். பாக் தம்மிடம் வைத்திருந்த அச்சுப் பிரதி 1974-இல் கண்டறியப்பட்டது. அதில் 25-ஆம் மாறுபாட்டிற்கு 'அடாஜியோ', அதாவது மெதுவாக, என அவர் கைப்பட எழுதியிருந்தார். அப்பிரதி வெளிப்படுமுன்னரே, 1955-இல், கூல்ட் அதனை மிக மெதுவாகவே வாசித்திருந்தார். பாடத்தை ஊன்றிக் கற்றவர் ஆசிரியரின் உள்ளத்தை அணுகினார். 7-ஆம் மாறுபாட்டிற்கோ ஜீக் நடனத்தின் வேகம் குறிக்கப்பட்டிருந்தது. அதனை மந்தமான நடையில் வாசித்து வந்தோர் தம்மைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. ஊன்றிய படிப்பும் பிழைபடலாம். சான்று தோன்றுங்கால் பணிதல் வேண்டும்.

நாம் கூல்டைக் குறைகூறுவது வேகத்தைப் பற்றியன்று. ஒவ்வொரு மாறுபாட்டின் இரு பாதிகளையும் மீண்டும் வாசிக்குமாறு பாக் தெளிவாகக் குறித்துள்ளார். கூல்டோ 1981-இல் சிலவற்றின் முதற் பாதியை மட்டும் மீட்டு, இரண்டாம் பாதியை விடுகிறார். இதனால் பாக் அமைத்த சமநிலை குலைகிறது. எனினும், முழுமையை நாடிய அப்பதிவையே மேலானதாகக் கொள்கிறோம்.

எபிரேயத் திருமறையின் மெய்யெழுத்துப் பாடத்திற்கு உயிர்க்குறிகளையும் இசைக்குறிகளையும் பின்னாளில் சேர்த்த மசோரெத்தர், எழுத்துகளை மாற்றத் துணியவில்லை. ஆசிரியர் மௌனமாயிருக்குமிடத்தில் விளக்குவோர்க்கு உரிமை உண்டு. அவர் பேசியிருக்குமிடத்தில் கீழ்ப்படிதலே கடன். அருளுரை மேடையில் நாம் இவ்விரண்டையும் இடம் மாற்றிவிடுகிறோமா? மௌனமானவற்றில் சட்டம் வகுத்து, தெளிவானவற்றைச் சுருக்கி வாசிக்கிறோமா? கூல்டைக் குறைகூறுமுன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.