இன்பமும் வேட்கையும்

டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று எழுதும் வழக்கு இன்று நாளிதழ்களில் மலிந்துள்ளது. இலக்கியச் சுவை பற்றி மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் அது புகுந்துவிட்டது. இப்பெயர் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1954-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்னும் இருவர் எலிகளின் மூளையுள் மின்கம்பி செருகினர். நெம்புகோலை அழுத்தின் மின்சாரம் பாயும். எலிகள் அதனை மீண்டும் மீண்டும் அழுத்தின. மூளையின் இன்ப மையம் கண்டாயிற்று என்னும் கருத்து விரைந்து பரவியது. அதே ஆண்டில் வெளிவந்த நூலொன்றில், மெய்யியலார் கில்பர்ட் ரைல், இன்பம் பல்வலி போலத் தனித்து அறியத்தக்கதோர் உணர்ச்சியே அன்று என வாதிட்டார். உணர்ச்சியே அன்றெனின் அதற்கு மையம் ஏது?

ஓல்ட்ஸ் கண்ட காட்சி மெய். அதற்கு இட்ட பெயரே ஐயத்திற்குரியது. எலி அழுத்திற்று என்பதனால் அது நாடிற்று என்பது பெறப்படும். துய்த்தது என்பது பெறப்படாது. இவ்வேறுபாட்டைச் சோதனையால் நிறுவியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கென்ட் பெரிட்ஜ். 1989-இல் அவரும் உடனாய்வாளரும் எலிகளின் மூளையில் டோபமைனைப் பெரும்பாலும் அழித்தனர். அவை தாமாக உண்பதை விடுத்தன. ஆயினும் இனிப்பு நீரை வாயில் ஊற்றியவழி, முன்போலவே நாவை நீட்டிச் சுவைத்தன. வேட்கை மாய்ந்தது, துய்ப்பு மாயவில்லை. ஆகவே டோபமைனை வேட்கையோடு இயைத்துரைப்பதே தகும்.

தமிழ் மாணவர்க்கு இப்பாகுபாடு புதிதாதல் வேண்டுவதில்லை. தொல்காப்பியம் வேட்கையைக் களவியலுள் வைத்து, உவகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகத் தனியே கூறுகிறது. நாவின் அசைவு கொண்டு துய்ப்பை அறியும் பெரிட்ஜின் முறையும் மெய்ப்பாட்டினை நினைப்பூட்டுவதே. இவ்வொப்புமை கொண்டு மூளையியலை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று சாதிக்கப் புகுவது நகைப்பிற்கிடமாகும். சொற்பொருள் வேறுபாட்டைப் பேணினர் என்ற அளவே யான் கூறுவது.

பெரிட்ஜிடமும் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்றுண்டு. உணவின் இன்பமும் இசை முதலிய உயர் இன்பங்களும் மூளையில் பெரிதும் ஒரே பகுதிகளைச் சார்ந்தன என்பது அவரும் மார்ட்டன் கிரிங்கல்பாக்கும் கொண்ட கொள்கை. இடம் ஒன்றாகலாம், அதனால் இன்பமும் ஓரினத்ததாகுமா? செயல் வேறுபடின் இன்பமும் வேறுபடும் என அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் பத்தாம் பகுதியில் கூறுகிறார். குழலிசையில் பற்றுடையார், குழலோசை கேட்டவுடன் தாம் ஈடுபட்டிருந்த சொல்லாடலைக் கைவிடுவர் என்பது அவர் காட்டும் சான்று. இரண்டும் ஒரே இன்பமாயின் ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதேன்? இவ்வினாவிற்கு நாவசைவு விடை தராது. நூலில் ஆழ்ந்து இன்புறுவோன் முகத்தில் பெரும்பாலும் யாதொரு குறியும் தோன்றுவதில்லை.